இரும்புக்கை மாயாவி படமானால்: முகமே தெரியாத ஆளைத் திரையில் எப்படிக் காட்டுவது?

கறுப்புமை:

நண்பர்களுக்கு வணக்கம். தமிழ் காமிக்ஸில் நாம் படித்து வளர்ந்த பிரிட்டிஷ் நாயகன் இரும்புக்கை மாயாவியை சினிமாவாக்கும் பேச்சு வரும்போதெல்லாம் 'யார் நடிக்கலாம்' என்பதிலேயே நின்றுவிடுகிறோம். எப்படி எடுப்பது என்று ஒருமுறை பேசிப் பார்க்கலாமா?

நான் சொல்வது பின்னாளில் நிழற்படை என்ற உளவு அமைப்பில் ஏஜெண்டான மாயாவி அல்ல. 1962 அக்டோபர் 6 தேதியிட்ட 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழின் முதல் இதழில் தொடங்கிய கதை. பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டல். வலக்கை இரும்பு. ஆய்வக விபத்தில் மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய, உடுத்திய உடையோடு ஆள் மறைந்துபோகிறான். அந்தச் சக்தியோடு குற்றத்தில் இறங்குகிறான். சுமார் 100 நிமிடப் படம்.

மூன்று இடத்தில் முட்டுகிறது:

ஒன்று, புத்தகத்தில் வசன பலூனின் வால் வெற்றிடத்தை நோக்கி நீளும்; முகம் அங்கே இருக்கிறது என்று நம் கண் எடுத்துக்கொள்ளும். திரையில் பலூன் கிடையாது. இரண்டு, பளபளக்கும் இரும்பையும், பின்னணியைப் பிரித்தெடுக்க வைக்கும் பச்சைத் திரையையும் ஒன்றாக வைத்து எப்படி எடுப்பது? மூன்று, கதை லண்டனிலேயே, 1962-லேயே நடக்க வேண்டுமா?

மறுபதிப்புப் பிரியன்:

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில்: நடக்க வேண்டும். காரணம் அந்த வருடத்து வானிலை.

1962 டிசம்பர் 4 முதல் 7 வரை லண்டனைக் கடும் புகைமூட்டம் மூடியது. டிசம்பர் 26-ல் பனி விழ ஆரம்பித்து, அடுத்த மார்ச் வரை குளிர் விடவில்லை. 1963 ஜனவரிதான் இங்கிலாந்தில் 20-ம் நூற்றாண்டின் மிகக் குளிரான மாதம். கண்ணுக்குத் தெரியாத மனிதனைக் காட்ட இயக்குநருக்கு என்னவெல்லாம் தேவையோ அத்தனையும் அந்த மூன்று மாதத்துக்குள் இருக்கிறது. அக்டோபரில் விபத்து, டிசம்பரில் குற்றங்கள், ஜனவரியில் துரத்தல் என்று வைத்தால் திரைக்கதை தானாக அடுக்கிக்கொள்ளும்.

புகையில் ஒரு எச்சரிக்கை. 'மூட்டத்துக்குள் மனித வடிவில் வெற்றிடம் தெரியும்' என்று எழுதிவிடுவார்கள், ஆனால் அப்படித் தெரியாது. இருபது மீட்டர் ஆழத்துக்குப் புகை நிற்கும்போது நடுவில் முப்பது சென்டிமீட்டர் குறைந்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பக்கவாட்டிலிருந்து கார் விளக்கின் ஒளிக்கற்றை பாய வேண்டும். கற்றை பட்ட புகை மட்டும் வெளுத்து நிற்கும். அதன் குறுக்கே அவன் போகும்போது இருட்டாக ஒரு துளை நகரும், பின்னால் புகை சுழலும். அதுவும் இரண்டு விநாடி போதும். நீட்டினால் ரசிகர்கள் கை கால் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

பனியில் காலடித் தடம் பழைய உத்திதான். 1933-ல் ஜேம்ஸ் வேல் எடுத்த 'தி இன்விசிபிள் மேன்' படத்திலேயே பாத வடிவில் துளையிட்ட பலகையைப் பனிக்கு அடியில் பரப்பி, துளைகளை அடைத்த மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார்கள். மேலே இருக்கும் பனி பாத வடிவில் உள்ளே விழும். இன்றைக்கும் கம்ப்யூட்டர் தடத்தைவிட இது நம்பும்படி இருக்கும், ஏனென்றால் தடத்தின் ஓரம் உதிர்வது நிஜம். வலது, இடது தடங்களுக்கு நடுவே இடைவெளியை ஒரே அளவாக வைத்துவிடாதீர்கள். ஓடுகிறவன் திரும்பிப் பார்த்தால் அடி குறுகும்.

மின்சாரத்துக்கும் லண்டனில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. அங்கே சுரங்க ரயில் பாதையில் வண்டிச் சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளம் போக, மின்சாரத்துக்கென்றே தனியாக இரண்டு உண்டு. வெளிப்பக்கத்தில் பாசிட்டிவ், நடுவில் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே 600 வோல்ட் அளவில் டி.சி. (நேர்) மின்சாரம். மூலைக்குத் தள்ளப்பட்டவன் பிளாட்பாரத்திலிருந்து இறங்கி, வெளிப்பக்கத் தண்டவாளத்தை அந்தக் கையால் பிடிக்கிறான். இடைவேளை அங்கேதான்.

பச்சைத்திரை:

இரண்டாவது கேள்வி என் பக்கம். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு வரை மனிதக் கையின் கன அளவு சுமார் 400 மில்லி. முழு இரும்பில் வார்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும். பத்து நிமிடத்தில் நடிகரின் தோள் தொங்கிவிடும். அதனால் ஓடுதான். கையை ஆல்ஜினேட் என்ற அச்செடுக்கும் பசையில் அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் ஒவ்வொரு கணுவுக்கும் தனித்தனியாக 2 மி.மீ. ரெசின் ஓடு. அடியில் மெல்லிய கறுப்புக் கையுறை. இங்கே ஒரு கணக்கு உதைக்கும்: 16 மி.மீ. விரல் இரண்டு பக்கமும் ஓடு ஏறி 20 மி.மீ. ஆகிறது, அதாவது கால் பங்கு தடிமன் கூடுகிறது. இடக்கையும் சேர்ந்து தெரியும் ஷாட்டில் அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கும். மெலிந்த விரல்காரரைக் கைக்கென்றே தனியாகப் போட வேண்டும். பாதிப் படம் நடிக்கப்போவது அந்தக் கைதான், அதனால் இது வீண்செலவு இல்லை. அருகாமைக்கு ஒன்று, சண்டைக்கு ரப்பரில் ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று மூன்று பிரதியாவது வேண்டும்.

கண்ணாடி போன்ற குரோம் பூச்சு வேண்டவே வேண்டாம். பச்சைத் துணி, கேமரா, குழுவினர் எல்லோரும் விரல் முனையில் நிற்பார்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட்டால் போய்விடும் என்று நினைப்பது வழக்கமான தவறு; கண்ணாடியிலும் தண்ணீரிலும் எடுபடுவது போல வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பில் அது எடுபடாது. நுண்ணிய கோடு இழுத்த மங்கல் பூச்சு, மேலே பளபளப்பைக் குறைக்கக் கொஞ்சம் டல்லிங் ஸ்ப்ரே. தொடரின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்ததும் கறுப்பு மையை அள்ளிப் போட்டு, விளிம்பில் மட்டும் வெள்ளை விட்ட கைதான்.

நடிகரை முழுப் பச்சை உடையில் நிறுத்துவதும் எனக்குச் சரிப்படவில்லை. உடை மறைந்துவிடும், ஆனால் அவர் தரையிலும் சுவரிலும் போட்ட நிழல் மறையாது. என் முறை இது:

அருகாமை ஷாட்டில் கை மட்டும் உள்ளே வரட்டும். சட்டைக் கைக்குப் பச்சைக்குப் பதில் அடர் சாம்பல் துணி, மேலே கம்ப்யூட்டர் அசைவைப் பின்தொடர டிராக்கிங் புள்ளிகள். இரும்பில் சாம்பல் பிரதிபலித்தால் இயல்பாகவே இருக்கும். அதே ஷாட்டை ஆளில்லாமல் ஒருமுறை எடுத்து, அந்தக் காலி பின்னணியைக் கொண்டு சட்டைக் கையை அழிக்கலாம். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்க வேண்டும். நகர வேண்டுமென்றால் அதே நகர்வைப் பிசகாமல் திரும்பச் செய்யும் மோஷன் கண்ட்ரோல் வேண்டும். அகல ஷாட்டில் கை கம்ப்யூட்டரில் வரட்டும். விளக்கு மாறும் ஒவ்வொரு முறையும் குரோம் உருண்டை, சாம்பல் உருண்டை இரண்டையும் பல எக்ஸ்போஷரில் படமெடுத்து வைத்துக்கொண்டால்தான் அந்தக் கையில் அந்த அறை தெரியும்.

நிழலை மறக்காதீர்கள். உடலின் நிழல் போக வேண்டும், கையின் நிழல் இருக்க வேண்டும். மூன்றாவது பிரதியை மெல்லிய கம்பியில் குத்தி, அதே விளக்கில் நிழலுக்கென்று தனியாக ஒரு டேக். சுவரில் ஒரு கை நிழல் மட்டும் ஊர்ந்து போவதைவிடப் பயமுறுத்தும் படம் இந்தக் கதையில் கிடையாது.

எல்லோரும் கோட்டை விடும் இடம் மணிக்கட்டு. புஜம் மறைந்ததும் கையின் பின்பக்கம் திறந்துகொள்ளும். உள்ளே என்ன தெரியும்? வெறும் ஓட்டையாக விட்டால் பொம்மைக் கையுறை மாதிரி ஆகிவிடும். வடிவமைக்கும்போதே மணிக்கட்டை ஒரு தகட்டால் மூடிவிடுங்கள்.

கறுப்புமை:

நிழல் டேக் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி சார். நம் தலைமுறை பார்த்த மாயாவி கறுப்பு வெள்ளைதானே, படத்தையும் அப்படியே எடுத்தால் பச்சைத் துணியின் சாயம் விளிம்பில் படியும் பிரச்சினை குறையுமா?

பச்சைத்திரை:

சாயம் போகும், வெளிச்சம் போகாது. விளிம்பில் படிந்த பச்சை, நிறத்தை எடுத்தபின் வெளிறிய சாம்பல் கோடாக நிற்கும். எப்படியும் நிறத்தை வைத்துத்தான் பின்னணியைப் பிரிக்க வேண்டும் என்பதால் வண்ணத்தில் எடுத்து, சுத்தம் செய்து, கடைசியில் மாற்றுங்கள். கறுப்பு வெள்ளைக்கு என் ஓட்டு உண்டு, ஆனால் பிளாஸ்கோவின் இருட்டுக்காக மட்டும்.

ஒலிக்கூடம்:

பலூனுக்கு மாற்று கேட்டிருந்தீர்கள். மறுபதிப்புப் பிரியன் சொன்ன அந்த ஜனவரிதான் விடை. உடல் மறையலாம், வாயைவிட்டு வெளியே வந்த மூச்சு மறையாது. குளிர்ந்த காற்றில் அது ஆவியாகத் தெரியும். காலி நாற்காலி, மேசைமேல் இரும்புக் கை, நாற்காலிக்கு மேலே வெற்றிடத்திலிருந்து ஒரு வெள்ளைப் புகை. பலூனின் வால் அதுதான்.

எடுக்கும் விதம்: குளிர்பதனக் கிடங்கு போன்ற இடத்தில், கறுப்பு வெல்வெட் துணிக்கு முன்னால், பின்பக்கத்திலிருந்து விளக்கு வைத்து, நடிகர் முழு வசனத்தையும் பேச வேண்டும். முகத்துக்கும் கறுப்புத் துணி. பிறகு அந்த ஆவியை மட்டும் காட்சியின்மேல் ஏற்றலாம். யாரோ ஊதிய பொதுவான ஆவியை எடுத்து ஒட்டினால் பொருந்தாது. 'ப', 'க' போன்ற வெடிப்பொலிகளில் ஆவி குத்திக்கொண்டு வரும், 'ம', 'ன' ஒலிகளில் மூக்கு வழியாகக் கீழே இறங்கும். வசனத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று சொல்லத் தெரியாமலே ரசிகர் விலகிவிடுவார்.

அவன் நகர்கிறான் என்பதற்காகக் குரலைத் தியேட்டரின் மூலைக்கு மூலை துரத்தாதீர்கள். வசனம் நடு ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும். மூச்சு, துணி உரசல், விரல் கணுக்கள் மடங்கும் சத்தம் ஆகியவை மட்டும் இடம் மாறட்டும். மனதில் நினைப்பதைப் பின்னணிக் குரலாகப் போட்டால் எங்கிருந்து பேசுகிறான் என்ற கேள்வியே செத்துவிடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

மறுபதிப்புப் பிரியன்:

பின்னணிக் குரல் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. வாரத்துக்குச் சில பக்கமே வந்த தொடர் அது. கதாசிரியர் கென் பல்மர் கிராண்டலின் நினைப்பைச் சொன்னால்தான் அடுத்த வாரம் வரை வாசகனைப் பிடித்து வைக்க முடியும். அவன் ஏன் கெட்டுப்போகிறான் என்பது தெரியாமல் படம் நிற்காது. பின்னணிக் குரல் வேண்டாமென்றால், அவன் பேசுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் பாரிஞ்சர்தான்.

கூடவே, கண்பார்வை. 180 செ.மீ. உயர ஆள் என்றால் கண் மட்டம் சுமார் 168-ல் வரும். ஸ்டாண்டில் அந்த உயரத்துக்கு ஒரு பந்தைக் கட்டி, எதிரில் நடிப்பவர்களை அதைப் பார்க்கச் சொல்வது வழக்கம். இந்தக் கதையில் எல்லோரையும் அப்படிப் பார்க்க வைக்காதீர்கள். பயந்தவன் கையைத்தான் பார்ப்பான். போலீஸ்காரர், வங்கிக் காவலாளி எல்லோரின் பார்வையும் கைமேலேயே ஓடட்டும். பாரிஞ்சர் ஒருவர் மட்டும் பந்தைப் பார்த்துப் பேசட்டும்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் 'வேலியண்ட்' உள்ளிட்ட பழைய பிளீட்வே பதிப்பக காமிக்ஸ் தொகுப்பை வாங்கிய பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம்தான் கிராண்டல் இருக்கிறான். இலவசக் குறும்படமாக இருந்தாலும் பெயரையும் கதையையும் எடுக்க அனுமதி வேண்டும்.

கறுப்புமை:

அப்படியானால் பெயரில்லாமல் முதலில் ஒரே ஒரு சோதனை ஷாட். அசையாத கேமரா, மேசை, நாற்காலி, கை, மூச்சு, இருபது விநாடி.

பச்சைத்திரை:

மேசைமேல் கண்ணாடியோ வார்னிஷோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைக் கை அதில் தலைகீழாகத் தெரியும், அழிக்க வேண்டியது இரண்டாகிவிடும். காலி பின்னணியை முதலிலும் கடைசியிலும் இரண்டு முறை எடுங்கள், ஜன்னல் வெளிச்சம் நடுவில் மாறியிருக்கும்.