எம்பியு-6050 ஜைரோ: மேசையில் அசையாமல் நிக்குது, கடல்நீரேரியில் 10 நிமிடத்தில் 60 பாகை விலகுது

கடல்நீரேரி எழுதியது:

மண்டைதீவுப் பக்கம் கடற்புல் படம் பிடிக்க ஒரு சின்ன நீர்மூழ்கி செய்யிறம். தண்ணிக்குக் கீழே ஜிபிஎஸ் இல்லை. 10 நிமிடத்துக்கு ஒருக்கா மேலே வந்து இடத்தைத் திருத்தும். அதுவரைக்கும் திசையை ஜைரோதான் (சுழற்சி வேகத்தை அளக்கிற சென்சர்) சொல்லவேணும். காந்தத் திசைகாட்டியை நம்பேலாது, மோட்டர் பக்கத்திலயே இருக்கு.

ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கணினிச் சிப்பு, எம்பியு-6050 எண்ட ஜைரோச் சிப்பு, வீச்சு ±250 பாகை/செக்கன். லூப்புக்குள்ள வாசிச்சு, எஸ்டி மெமரி காட்டில எழுதி, 10 மில்லிசெக்கன் காத்திருக்க டிலே(10) போட்டு, வாசிப்பை 0.01 செக்கனால பெருக்கிக் கூட்டிறன். வள்ளத்தில ஒன் பண்ணின உடன 1000 வாசிப்பின்ட சராசரியை எடுத்துக் கழிச்சுப்போட்டு இறக்கிறம்.

வீட்டில மேசையில வைச்சால் 10 நிமிடத்துக்கு 2 பாகைதான். தண்ணிக்குள்ள 60. இன்னொண்டு, 90 பாகை திருப்பினால் 78 தான் காட்டினது, அதால 1.15 ஆல பெருக்கி விட்டிருக்கிறன். நல்ல சிப்புக்கு மாறவேணுமோ?

---

தகரப்பெட்டி எழுதியது:

சிப்பை மாத்த முதல் அந்த 1.15 ஐத் தூக்குங்கோ. சிப்பின்ட அளவுத்திட்ட வழு (உண்மையான சுழற்சியை இத்தனை வீதம் கூட்டியோ குறைச்சோ காட்டுறது) ஏறக்குறைய ±3 வீதம்தான், 15 வீதம் வராது. ஐ2சி (சிப்புக்கும் ஈஎஸ்பிக்கும் இடையிலான தரவு வழி) 100 கிலோஹேட்சில ஓடினால் 14 பைற்று வாசிக்கவே 1.5 மில்லிசெக்கன் போகும். அதோட டிலே 10. ஆக ஒரு சுற்று 11.5, நீங்கள் பெருக்கிறது 10. 90 ஐ 1.15 ஆல பிரிச்சுப் பாருங்கோ, 78 வரும். மேசையில இது தெரியாது, சுழற்சி இல்லாத இடத்தில நேரம் பிழைச்சாலும் விடை பூச்சியம்தானே.

1.15 ஆல பெருக்கினது நோயை மூடினது மட்டும்தான். எஸ்டி காட் இடைக்கிடை ஒரு எழுத்துக்கு 100 மில்லிசெக்கனுக்கு மேல எடுக்கும். அந்த நேரம் பார்த்து வாகனம் திரும்பினால் அந்தத் திருப்பம் போச்சு. டிலேயை எடுத்துப்போட்டு, சிப்பின்ட இன்டரப்ட் காலை (புது வாசிப்பு தயார் எண்டு சொல்லுற ஊசி) பாவியுங்கோ. ஒவ்வொரு வாசிப்பையும் முந்தின வாசிப்பில இருந்து மைக்ரோஸ்() காட்டுற நேர வித்தியாசத்தால பெருக்குங்கோ. ஐ2சி 400 கிலோஹேட்ஸ். சிப்பின்ட உள்வடிகட்டியை (அதிர்வு இரைச்சலைக் குறைக்கிறது) 3 இல வையுங்கோ, ஜைரோவுக்கு அது 42 ஹேட்ஸ். எழுதிற வேலையை ஈஎஸ்பியின்ட மற்றக் கோருக்குக் குடுங்கோ.

60 பாகைக்கு வருவம். 600 செக்கனில 60 எண்டால் 0.1 பாகை/செக்கன். 1000 வாசிப்பு எண்டது 11.5 செக்கன். நங்கூரம் போட்ட வள்ளம் அந்த நேரத்துக்குள்ள ஒரு பாகை திரும்பினாலே காணும், நீங்கள் கழிச்சது ஜைரோவின்ட பிழையை இல்லை, வள்ளத்தின்ட சுழற்சியை. ஆனால் வெப்பநிலையாலயும் இப்பிடி வரும். எது எண்டு அறிய, திசையை நேரத்துக்கு எதிரா வரைஞ்சு பாருங்கோ. தொடக்கத்தில இருந்தே நேர்கோடு எண்டால் வள்ளம். சில நிமிடத்தில வளைஞ்சு செங்குத்தாகினால் வெப்பநிலை.

---

கடல்நீரேரி எழுதியது:

வரைஞ்சு பார்த்தன். தொடங்கேக்க கோட்டின்ட படித்திறன் 0.06 பாகை/செக்கன், நாலு நிமிடத்துக்குப் பிறகு 0.11 இல நிக்குது. சிப்பின்ட வெப்பநிலை வள்ளத்தில 41, கீழே 33.

---

வடலி எழுதியது:

அப்ப ரெண்டும்தான். 0.06 வள்ளம். மிச்சம் 0.05, 8 பாகை செல்சியசுக்கு. செல்சியசுக்கு 0.006 எண்டால் இந்தச் சிப்புக்கு அது நல்ல பிள்ளை.

பூச்சியம் (அசையாமல் இருக்கேக்க ஜைரோ காட்டுற வாசிப்பு) வெப்பநிலையோட மாறுற கோட்டை ஒருக்கா எடுத்து வைச்சால் காணும். சென்சரை அது தண்ணிக்குள்ள நிக்கிற அதே நிலையில ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள்ள வையுங்கோ. சரிச்சு வைக்க வேண்டாம். புவியீர்ப்பு வேற அச்சில விழுந்தால் இந்தச் சிப்பில 0.1 பாகை/செக்கன் வரை பூச்சியம் நகரும், நீங்கள் தேடுற வழுவை விட அது பெருசு. பெட்டி சீமெந்து நிலத்தில இருக்கட்டும். மேசை கூடாது, மேல சுத்திற பான் அதை ஆட்டும். ராவில பானை நிப்பாட்டிப்போட்டுச் செய்யிறது நல்லது.

முதல் ஐஸ் போத்தல் ஒண்டை உள்ள வைச்சு 25 வரை இறக்குங்கோ. சிப்பைச் சிலிக்கா ஜெல்லோட இறுக்கி மூடுற பிளாஸ்ரிக் பையில போடுங்கோ, இல்லாட்டி வேர்த்து ஐ2சி குழம்பும். பிறகு போத்தலை எடுத்துவிட்டுத் தானா ஏற விடுங்கோ, கடைசியில சுடுதண்ணிப் போத்தல் வைச்சு 45 வரை. ரெண்டு நிமிடத்துக்கு ஒரு செல்சியசுக்கு மேல ஏற விடாதேங்கோ. கெதியா ஏத்தினால் சிப்பு ஒட்டியிருக்கிற சுற்றுப்பலகையின்ட ஒரு பக்கம் சுட்டு மற்றப் பக்கம் குளிர்ந்து, அந்த இழுவிசையே புதுப் பிழையைக் காட்டும். ஏறேக்க ஒரு கோடு, இறங்கேக்க ஒரு கோடு. ரெண்டுக்கும் நடுவால ஒரு இருபடிச் சமன்பாடு போடுங்கோ.

சிப்பின்ட வெப்பமானி வாசிப்பை 340 ஆல பிரிச்சு 36.53 கூட்டினால் செல்சியஸ். அது ரெண்டு பாகை பிழையா இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே பிழையா இருந்தால் சரி.

ஒவ்வொரு தரமும் ஒன் பண்ணேக்க முழுக் கோடும் கொஞ்சம் மேல கீழ நகரும், வளைவு பெரிசா மாறாது. ஆனபடியால் துறையடிச் சீமெந்தில 60 செக்கன் வைச்சு அந்த நகர்வை மட்டும் எடுங்கோ. அதுக்குப் பிறகு ஓவ் பண்ணாமல் வள்ளத்தில ஏத்துங்கோ.

---

தகரப்பெட்டி எழுதியது:

வடலி சொன்னதோட அளவுத்திட்டத்தையும் முடிச்சுவிடுங்கோ. சாப்பாட்டு மேசையில வைக்கிற சுழல் தட்டு காணும், வேகம் சீராயிருக்கத் தேவையில்லை. தட்டில ஒரு கோடு, நிலத்தில ஒரு கோடு. கோடு கோட்டோட சேர நிண்டு தொடங்கி, கையால 10 முழுச் சுற்று, ஒரு சுற்றுக்கு 10 செக்கன், அதே கோட்டில நிப்பாட்டுங்கோ. பிறகு மறுபக்கம் 10.

ஒரு பக்கம் 3548.2, மறுபக்கம் −3551.0 வந்தால், 7200 ஐ 7099.2 ஆல பிரிங்கோ: 1.0142. இதுதான் பெருக்கவேண்டியது. ரெண்டையும் கூட்ட வாற −2.8 ஐ 200 செக்கனால பிரிச்சால் மிஞ்சின பூச்சிய வழு, −0.014. ஒரு பக்கம் மட்டும் சுத்தினால் இது ரெண்டும் ஒண்டோட ஒண்டு கலந்து நிக்கும், பிரிக்கேலாது.

ஊசிக்கால் சரிவா ஒட்டின சுற்றுப்பலகை எண்டால் அதையும் பாருங்கோ. 2 பாகை சரிவு அளவுத்திட்டத்தில 0.06 வீதம்தான், ஒண்டுமில்லை. ஆனால் வாகனம் பக்கவாட்டில உருளேக்க அந்த உருளலின்ட 3.5 வீதம் திசைக்குள்ள ஒழுகும்.

---

கடல்நீரேரி எழுதியது:

பூமி சுத்திறதையும் கழிக்கவேணுமோ? ஆர்முடுகலை ரெண்டு தரம் தொகையிட்டு இடத்தையும் எடுக்கலாமோ?

---

வடலி எழுதியது:

பூமி மணிக்கு 15.04 பாகை. யாழ்ப்பாணத்தின்ட அகலாங்கு 9.67, நிலைக்குத்து அச்சில விழுறது மணிக்கு 2.5 தான், 10 நிமிடத்தில 0.4 பாகை. துறையடியில எடுத்த பூச்சியத்துக்குள்ள அதுவும் சேர்ந்து கழிஞ்சுபோகும், தனியாக் கழிச்சால் ரெண்டு தரம் கழிச்சதா முடியும்.

ரெண்டு தரம் தொகையிடுறதை விட்டிடுங்கோ. ஜைரோவில 0.01 பாகை/செக்கன் மிஞ்சினாலே சரிவு பிழைச்சு, புவியீர்ப்பு ஆர்முடுகலுக்குள்ள புகுந்து, ஒரு நிமிடத்தில 60 மீற்றர் தள்ளும். மோட்டர் வேகத்துக்கு எத்தனை மீற்றர் போகுது எண்டு அளந்து, திசையோட பெருக்குங்கோ.

ஓட்டத்தையும் வயல் உழுகிற மாதிரி இடம் வலமா மாத்தி வையுங்கோ, திருப்பங்களின்ட வழு ஒண்டை ஒண்டு தின்னும். ஒரே பக்கம் வட்டமடிச்சால் 1 வீத வழுவுக்கு வட்டத்துக்கு 3.6 பாகை சேரும். நடுவில ஒருக்கா மோட்டரை நிப்பாட்டிச் சேத்தில 15 செக்கன் குந்த வைச்சுப் பூச்சியத்தைத் திருப்பி எடுங்கோ. அந்த 15 செக்கனில நியம விலகல் சீமெந்தில வந்ததை விட ரெண்டு மடங்கு எண்டால் நீரோட்டம் ஆட்டுது, அந்த வாசிப்பை எறிஞ்சுவிடுங்கோ.