கானலியின் கடிதக் கட்டைப் பிரித்தபோது

ஐரிஷ் தொழிலாளர் தலைவர்களின் பழைய கடிதங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்றீர்கள். இதோ என் அனுபவம்.

டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய நூலகத்தில்தான் தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் ஓ'பிரையன் சேர்த்துவைத்த காகிதங்கள் இருக்கின்றன. பேனாவை வெளியே வைத்துவிட்டு பென்சிலோடு உட்கார்ந்தேன். வரிக்கு வரி அனல் பறக்கும் என்று நினைத்துப் போனவன் நான். ஆனால் அவருக்குத் தோழரான தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலியின் கடிதங்களில் அடிக்கடி வந்தது பணக் கவலை. 1903இல் அமெரிக்கா போன மனுஷன், ஊர் திரும்பினால் வாரச் சம்பளத்துக்கு வழி உண்டா என்று டப்ளின் தோழர்களிடம் பேரம் பேசுகிறார். அமெரிக்கா வந்ததே வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு என்று 1909இல் ஓ'பிரையனிடம் மனம்விட்டுச் சொல்கிறார். 1910இல் திரும்பியும் விட்டார். (ஓ'பிரையன் தையல்காரர். கானலியோ அமெரிக்காவில் சிங்கர் தையல் மெஷின் ஆலையில் வேலை பார்த்தவர். இந்தப் பொருத்தம் எனக்கு ஏனோ பிடித்துப்போனது.)

அப்புறம் 1913 கோடையில் எழுதிய கடிதம். பெல்ஃபாஸ்டில் தொழிற்சங்க அமைப்பாளராக இருந்த கானலி, அந்தச் சங்கத்தின் தலைவர் ஜிம் லார்கினின் கீழ் இனிமேல் காலம் தள்ள முடியாது என்று கொட்டித் தீர்க்கிறார். அந்த ஆகஸ்டிலேயே, சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு விடாமல் வெளியே நிறுத்திய டப்ளின் கதவடைப்பு வெடித்தது. லார்கின் சிறைக்குப் போனதும் போராட்டத்தைத் தாங்கிப் பிடித்தது இதே கானலிதான்!

– – –

மறுமொழி: நல்ல பதிவு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லார்கின் 1923இல் அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் ஓ'பிரையனோடு மோதினார். மறு ஆண்டே சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அப்படியென்றால் லார்கினைத் திட்டும் கடிதங்களைப் பத்திரப்படுத்தியவர் அவருடைய எதிராளி. ஓ'கானல் தெருவில் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கும் லார்கின் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான். அவர் தரப்புக் கடிதம் ஏதாவது கண்ணில் பட்டதா?

– – –

சரிதான், அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அன்று நான் கேட்டு வாங்கிய கட்டில் லார்கின் எழுதியது எதுவும் இல்லை. கானலி புலம்பியதைத்தான் மூன்று பக்கம் குறிப்பெடுத்து வந்திருக்கிறேன்.