டிஸ்கஸ் தொட்டிக்காக வீட்டில் ஆர்ஓ மாட்டிய அனுபவம்

சென்னையில் போர் தண்ணீரை வைத்துக்கொண்டு டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா மாதிரி மென்நீர் (உப்பு குறைந்த தண்ணீர்) மீன்களையும் கிரிஸ்டல் இறாலையும் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1,150. தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். பிளேடால் சுரண்டி எடுத்தாலும் மறுபடி வந்துவிடும். கப்பியும் மோலியும் இந்தத் தண்ணீரில் குட்டி போட்டுத் தள்ளின. டிஸ்கஸ் ஜோடி சேர்ந்து, முட்டையிட வைத்திருந்த மண்கூம்பில் முட்டையும் வைத்தது, ஆனால் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்துக்கொண்டே இருந்தன. கொளத்தூரில் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "மீன் இந்தத் தண்ணிய தாங்கிக்கும் தம்பி, முட்டை தாங்காது" என்றார். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் ஓரளவு கடினமான தண்ணீருக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் கால்சியம் மிகுந்தால் முட்டையின் மேலுறை இறுகிப்போய், பொரிப்பது குறைந்துவிடும். அன்றைக்கு ஆர்ஓ மாட்டுவது என்று தீர்மானித்தேன்.

"அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் இருக்கே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், குழாயில் உப்பு படியாது. டிடிஎஸ் அப்படியேதான் இருக்கும், கேஎச்சும் (கார்பனேட்டின் அளவு) குறையாது. மென்நீர் மீனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆட்கள் சமையலறைக்கு மாட்டுகிற அதே சுவர் மாடலைத்தான் வாங்கினேன்: செடிமென்ட், கார்பன், உப்பை வடிக்கும் 80 ஜிபிடி (நாளைக்கு 80 கேலன்) மெம்பரேன், அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப். மாட்ட வந்த பையன் நல்ல வேலைக்காரன். ஆனால் டிடிஎஸ் கன்ட்ரோலரைக் கழற்றச் சொன்னதும் தயங்கினான். "சார், ரொம்ப இறங்கிட்டா குடிக்க சப்புனு இருக்கும் சார்." "இது குடிக்க இல்லப்பா, மீனுக்கு" என்று சொல்லி அதையும், கடைசியில் இருந்த மினரல் கார்ட்ரிட்ஜையும் எடுக்கச் சொன்னேன். இதை ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். கன்ட்ரோலர் என்பது மெம்பரேனுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிக் கலக்கும் ஒரு சின்னத் திருகு, அவ்வளவுதான். அது இருக்கும்வரை நம் போரில் உள்ள உப்பு தொட்டிக்குள் வந்துகொண்டே இருக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதில் பாதிக்கு மேல் சாதாரண உப்பாகவே இருக்கலாம். மினரல் கார்ட்ரிட்ஜ் எதை எவ்வளவு சேர்க்கிறது என்று நமக்குத் தெரியாது. இரண்டையும் எடுத்தபின் டிடிஎஸ் மீட்டர் 32 காட்டியது. மெம்பரேன் சரியாக இருந்தால் 95 முதல் 98 சதவீதம் உப்பு கழிய வேண்டும். 1,150-க்கு 32 நல்ல கணக்கு.

பூஸ்டர் பம்பை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்கூட அழுத்தம் 14 பிஎஸ்ஐ சுமார்தான் வரும். மெம்பரேன் ஒழுங்காக வேலை செய்ய 60 பிஎஸ்ஐ பக்கம் வேண்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீரும் குறைவாக வரும், வருகிற தண்ணீரில் உப்பும் கூடும். கார்பன் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும் முக்கியம், குளோரின் பட்டால் மெம்பரேன் பாழாகிவிடும். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் எல்லாம் ஒரே சம்ப்பில் விழுகிற வீடுகளில் குளோரின் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது.

ஆர்ஓ தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம்மில் மாட்ட, நிறைந்ததும் தானாக அடைக்கும் பித்தளை ஃப்ளோட் வால்வு கொண்டுவந்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பிளாஸ்டிக் வாங்கி வரச் சொன்னேன். ஆர்ஓ தண்ணீர் உலோகத்தை அரிக்கும், பித்தளையில் இருக்கிற செம்பு கொஞ்சம் கரைந்தாலே இறால் செத்துவிடும். புது மெம்பரேனில் முதலில் வருகிற தண்ணீரை டிரம்மில் விடாமல் கீழே விட்டுவிட வேண்டும். கெடாமல் இருக்க அதில் மருந்து போட்டிருப்பார்கள். தினமும் காலையில் ஓட விடும்போதும் முதல் சில நிமிடங்கள் டிடிஎஸ் 100-க்கு மேல் காட்டும், பிறகு இறங்கும். ராத்திரி முழுக்க நின்றதில் உப்பு மெல்ல மெம்பரேனின் நல்ல தண்ணீர்ப் பக்கம் ஊறிவிடுவதுதான் காரணம். அதையும் பிடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

இனிதான் முக்கியமான வேலை. ஆர்ஓ தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. அதில் கால்சியம் இல்லை, பிஎச்சை (அமில, காரத் தன்மையின் அளவு) தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. மீன் கழிவில் அமிலம் சேரச் சேர ஒரே இரவில் பிஎச் சரிந்துவிடும். நான் 100 லிட்டர் டிரம்மில் 9 கிராம் கால்சியம் சல்பேட்டும் 4.5 கிராம் எப்சம் சால்ட்டும் (மெக்னீசியம் சல்பேட்) போடுகிறேன். ஜிஎச் (கால்சியமும் மெக்னீசியமும் தரும் கடினத்தன்மை) ஏறக்குறைய 4 வரும். கேஎச் 2 வேண்டுமென்றால் அதே 100 லிட்டருக்கு 6 கிராம் சமையல் சோடா போதும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்பூன் கணக்கு ஆகாது. கால்சியம் சல்பேட்டைக் கொட்டியதும் டிரம் பால் மாதிரி வெளுக்கும், பார்க்கப் பயமாக இருக்கும். ஏர்ஸ்டோனை அடியில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டால் காலையில் டிரம்மின் அடித்தரை தெரியும். விரலால் தடவிப் பார்த்தால் மணல் மாதிரி நெருடக் கூடாது. நெருடினால் இன்னும் கரையவில்லை என்று அர்த்தம்.

பழைய மீன்களை ஒரேயடியாகப் புதுத் தண்ணீருக்கு மாற்றாதீர்கள். உடம்பில் உப்பின் அளவைச் சரிக்கட்ட மீனுக்கு அவகாசம் வேண்டும். ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீரின் பங்கைக் கூட்டி, டிடிஎஸ்ஸைப் படிப்படியாக இறக்கினேன். இப்போது தொட்டி 170-ல் நிற்கிறது. பெட்டை மீனும் ஆணும் மாறி மாறிக் கூம்பின் முன்னால் நின்று துடுப்பால் விசிறுகின்றன. குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேலே சுரக்கிற கோழையைத் தின்பதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். செலவு, உழைப்பு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் கழிவு போகிறது, அது எனக்குப் பெரிய வருத்தம். அதைத் தனி பீப்பாயில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்துகிறோம். டிடிஎஸ் 1,500 வரை போகும், ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றாதீர்கள்.

கப்பி, மோலி, பிளாட்டி, மலாவி ஏரிச் சிச்லிட் வைத்திருக்கிறவர்கள் ஆர்ஓ பக்கமே போக வேண்டாம். கடினத் தண்ணீர்தான் அவற்றுக்குப் பிடிக்கும். குளோரினை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மறுமொழி, கோவையிலிருந்து:

அண்ணா, விளக்கமாக எழுதியதற்கு நன்றி. எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. இயல்பிலேயே மென்மையான தண்ணீர், கார்பன் ஃபில்டர் ஒன்று மட்டும் போட்டுக் கார்டினல் டெட்ரா வளர்க்கிறேன். போர் தண்ணீர் வேறு கதை, கெட்டிலில் சுண்ணாம்பு கட்டும். இங்கே ஆர்ஓ வாங்கும் முன் வீட்டுக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று மீட்டர் போட்டுப் பார்த்துவிடுங்கள். நண்பர் ஒருவருக்கு 20,000 ரூபாய் மிச்சமானது இப்படித்தான். ஒரு சந்தேகம்: போர் தண்ணீரையே ஆர்ஓவோடு பத்துக்கு ஒன்று கலந்தால் தாது உப்பு போட வேண்டாமே?

மறுமொழி, பதிவிட்டவர்:

கலக்கலாம் தம்பி, உங்கள் ஊர்ப் போருக்கு அது சரிவரலாம். 1,200 டிடிஎஸ் தண்ணீர் ஒரு பங்கும் 30 டிடிஎஸ் ஆர்ஓ ஒன்பது பங்கும் சேர்த்தால் 147 வரும். ஆனால் அந்த 147-ல் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. முதலில் போர் தண்ணீரின் ஜிஎச், கேஎச் இரண்டையும் தண்ணீரைச் சொட்டு சொட்டாக மருந்து விட்டுச் சோதிக்கும் கிட்டில் பாருங்கள். டிடிஎஸ் அதிகமாக இருந்து ஜிஎச் குறைவாக இருந்தால் அது உவர்ப்பு, கலக்காதீர்கள். ஜிஎச்சும் சேர்ந்து ஏறியிருந்தால் தாராளமாகக் கலக்கலாம். கோடையில் போர் மட்டம் இறங்கும்போது மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.