புதுப்பிப்பு: செக்கிங் வேலை ஆபரேட்டர் தலையில்

புதுச்சேரி சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் மெஷின் ஷாப்பில் கடைசி செக்கிங் மேஜையை எடுத்துவிட்டு, ஆபரேட்டரே அளந்து கையெழுத்துப் போடணும் என்று சொன்னதை முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

முதலில் யாரும் அளக்கவே இல்லை. இன்சென்டிவ் எண்ணிக்கைக்குத்தான், அளக்கிற நேரத்துக்கு இல்லை என்றால் யார் வெர்னியரைத் தொடுவார்கள்? ரிஜிஸ்டரில் மட்டும் எல்லா அளவும் அச்சடித்த மாதிரி ஒரே எண். நைட் ஷிஃப்டில் கேட்கவே வேண்டாம்.

இப்போது மெஷினுக்கு ஒரு கோ-நோகோ கேஜ் (பீஸ் அளவுக்குள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் காட்டும் கருவி) கொடுத்து, அளக்கும் நேரத்தையும் டார்கெட்டில் கழித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம். டொயோட்டாவில் தொழிலாளியே இழுத்து லைனை நிறுத்தக் கயிறு வைத்ததும் இதே யோசனைதான். 1924-லேயே நூல் அறுந்தால் தானாக நிற்கும் தறியைச் செய்த குடும்பம்தான் டொயோட்டாவைத் தொடங்கியது. நிறுத்தும் அதிகாரம் தராமல் கையெழுத்து மட்டும் கேட்டால், பழி போட ஆள் பிடிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இன்ஸ்பெக்டர்களை அனுப்பிவிடவில்லை. முதல் பீஸ் அப்ரூவல், கேஜ் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, ரவுண்ட்ஸ் எல்லாம் அவர்களிடம்தான். கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளம்? அந்தப் பேச்சை எடுத்தாலே மேனேஜருக்கு போன் வந்துவிடுகிறது.