தளம் போட்டு 18 மணி நேரம் ஆச்சு, ஜாயின்ட் வெட்டுனா உதிருது, அவசரம்

முதுநகர்மணி: வணக்கம், வீட்டு முன்னாடி கார் நிறுத்துற தளம் நேத்து சாயங்காலம் 4 மணிக்கு போட்டோம், விரிசல் வராதுன்னு கடையில சுருக்கம் குறைக்கிற கெமிக்கல் குடுத்தாங்க அதையும் கலந்தோம், இப்ப காலை 10 மணி, விரிசல் கண்டபடி போகாம இருக்க ஜாயின்ட் கோடு வெட்ட கட்டரோட ஆள் வந்து நிக்கிறார், ஒரு அடி வெட்டுனதுக்கே விளிம்பு ரவை மாதிரி கொட்டுது. சிமெண்ட் டூப்ளிகேட்டா? கட்டர் வாடகை ஓடுது சீக்கிரம் சொல்லுங்க

லாஸ்பேட்டைசிவில்: என்ன சிமெண்ட்? மூட்டைக்கு எவ்ளோ கெமிக்கல்? தண்ணியை அந்த அளவுக்குக் குறைச்சீங்களா?

சில்வர்பீச்: போர் தண்ணியா ப்ரோ? எங்க பக்கம் ஒரே உப்பு, அதான் காரணம்

லாஸ்பேட்டைசிவில்: உப்பு சிமெண்டை சீக்கிரம் இறுக வைக்கும் ப்ரோ, தள்ளிப் போடாது. அது கம்பிக்குத்தான் எமன்.

கிழக்குவெளுப்பு: மார்கழிப் பனி சார், எல்லாமே லேட்டாதான் இறுகும்

ரிட்டயர்டுஏஇ: கேன்ல ஒட்டியிருக்குறதைப் படிக்கிற பழக்கம் யாருக்குமே கிடையாது. 30 வருஷமா இதே கதையைப் பாக்கறேன். பனியாம், உப்பாம்!

முதுநகர்மணி: பிபிசி (PPC, சாம்பல் கலந்தது) சிமெண்ட். மேஸ்திரி மூட்டைக்கு ஒன்றரை லிட்டர் ஊத்துனார், தண்ணி எப்பவும் போலதான். கலவை இளகி சுலபமா ஓடணும்னு இன்னொரு கெமிக்கலும் போட்டார், பேர் தெரியல

லாஸ்பேட்டைசிவில்: அட இதை முதல்லயே சொல்லிருக்கலாமே. அந்த சுருக்கம் குறைக்கிற கெமிக்கல் பெரும்பாலும் கிளைக்கால் (glycol) வகை, தண்ணியோட பரப்பு இழுவிசையைக் கிட்டத்தட்ட பாதியாக்கிடும், காயும்போது சிமெண்டோட நுண்துளைகள் உள்பக்கமா இழுபடுறது குறையும், விரிசல் குறையறது அதனாலதான். ஆனா அதே தண்ணியில சிமெண்ட்ல இருக்குற சோடியம் பொட்டாசியம் உப்பு கம்மியாதான் கரையும், காரம் குறையும், சிமெண்ட் வேலை செய்யறது மெதுவாகும். 50 கிலோ மூட்டைக்கு வழக்கமா 1லேர்ந்து 2 சதவீதம், அதாவது அரை கிலோலேர்ந்து ஒரு கிலோ. நீங்க கிட்டத்தட்ட 3 சதவீதம் போயிட்டீங்க, தண்ணியையும் குறைக்கல, பிபிசில சாம்பல் வேற, அந்த ரெண்டாவது கெமிக்கலும் இறுகறதைத் தள்ளிப் போடுற வகையா இருந்தா கேக்கவே வேணாம். டூப்ளிகேட் எல்லாம் இல்ல. கட்டரைத் திருப்பி அனுப்புங்க, சாக்கு போட்டு ஈரமா வைங்க, சாயங்காலம் ஓரமா ஒரு சாண் வெட்டிப் பாருங்க, ஜல்லி பெயராம கோடு சுத்தமா விழுந்தா மீதியை வெட்டலாம்

சில்வர்பீச்: அப்ப கெமிக்கல் போட்டா கியூரிங், அதான் தண்ணி விட்டு ஈரமா வைக்கிறது, வேணாமா?

ரிட்டயர்டுஏஇ: இது ஒரு கேள்வியா? சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளாவது ஈரம் வேணும், கான்கிரீட்டுக்கான இந்திய விதிப் புத்தகம் ஐஎஸ் 456 எடுத்துப் படிங்க.

கிழக்குவெளுப்பு: புதுச்சேரியில வெள்ளைக்காரன் காலத்து வீடெல்லாம் கடுக்காய், வெல்லம் போட்டுத்தான் கட்டுனது, எந்தக் கெமிக்கலும் இல்ல, இன்னும் நிக்குது. சிமெண்ட்லயும் கொஞ்சம் வெல்லம் போட்டா என்ன?

லாஸ்பேட்டைசிவில்: அய்யோ, அது சுண்ணாம்புக்கு. சிமெண்ட்ல சர்க்கரை ஒரு கைப்பிடி விழுந்தாலே இறுகறது இழுத்தடிக்கும்

கிழக்குவெளுப்பு: எங்க தாத்தா கொத்தனார் சார், எங்களுக்குத் தெரியாதா

ரிட்டயர்டுஏஇ: உங்க தாத்தா சிமெண்ட் மூட்டையைக் கண்ணால பாத்திருப்பாரா?

கிழக்குவெளுப்பு: மரியாதையா பேசுங்க சார்

முதுநகர்மணி: ராத்திரி 9 மணிக்கு வெட்டுனோம், உதிரல. நன்றி. மேஸ்திரி போன் எடுக்கல.

லாஸ்பேட்டைசிவில்: சந்தோஷம். அதே கலவையில சோதனைக்கு கியூப் (கான்கிரீட் கட்டி) ஏதும் எடுத்து வச்சீங்களா? அதிகமா ஊத்துனதால பலம் கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம், 28 நாள் கழிச்சு அந்த கியூபை உடைச்சுப் பாத்துட்டு கனமான வண்டி ஏத்துங்க. அந்த ரெண்டாவது கெமிக்கல் பேரையும் கேட்டு சொல்லுங்க

லாஸ்பேட்டைசிவில்: மணி சார்?