9 வயசு கருப்பு லேப்: மூஞ்சி நரைச்சது சரி, வாலும் வயிறும் ஏன் இப்படி?

வாசு_செங்கை:

வணக்கம். பெண் லேப்ரடார், கருப்பு, 9 வயசு, கருத்தடை ஆபரேஷன் ஆனது. 7 வயசுல தாடையில ஆரம்பிச்ச நரை இப்ப கண்ணைச் சுத்தி ஏறிடுச்சு. அது வயசுன்னு தெரியும். கேள்வி மத்ததைப் பத்தி.

முதுகும் பின்தொடையும் கருப்பு போய் செம்பட்டையா நிக்குது. வால் மெலிஞ்சு தோல் தெரியுது. நாலு மாசம் முன்னாடி ஸ்கேன் எடுக்க வயித்துல உள்ளங்கை அகலம் மழிச்சாங்க. அந்த இடம் இன்னும் மொட்டை, அங்கங்க பூனைமுடி மாதிரி நாலு முடி மட்டும். சொறியறதும் இல்லை, நக்கறதும் இல்லை. 29 கிலோ இருந்தவ இப்ப 34.

சாப்பாடு: காலையில தயிர் சாதம், ராத்திரி எலும்போட கால் கிலோ சிக்கன், சாதம். வாரம் ஒரு குளியல், பேபி ஷாம்பு, காய்ஞ்சதும் தேங்காய் எண்ணெய். இது வயசா, வியாதியா? என்ன டெஸ்ட் கேக்கணும்?

நாலுகால்:

வாசு சார், பாதி விடை உங்க பதிவுலயே இருக்கு. அந்த மழிச்ச இடம்தான். லேப் மாதிரி குட்டை முடிக்கு 3, 4 மாசத்துல அது மூடியிருக்கணும். வயசானா முடி வெளுக்கும், வறண்டு முரடாகும், கொஞ்சம் பொடுகு வரும், முழங்கையில காய்ப்பு, அங்கங்க மரு. ஆனா மொட்டை ஆகாது. நரைங்கிறது முடி வேருல நிறம் போடற செல் தீர்ந்து போறது, அவ்வளவுதான். முடி பாட்டுக்கு வளரும்.

இங்க நீங்க சொன்ன மூணும் ஒரே விஷயம்னு எனக்குப் படுது. நாய் முடி ரொம்ப நாள் ஓய்வுல நிக்கும், அப்புறம் வேர் மறுபடி முழிச்சு புது முடி அனுப்பும், பழசு உதிரும். அந்த எழுப்புற வேலையில தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. அது குறைஞ்சா புது முடி வராது. பழைய முடியே மாசக்கணக்கா வெயில் பட்டு செம்பட்டையாகுது. தேய்மானம் அதிகம் உள்ள வால், பின்தொடை, கழுத்துப்பட்டை இடம் முதல்ல காலியாகுது. அரிப்பே இல்லாம, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மெலிஞ்சு, எடையும் ஏறினா முதல் சந்தேகம் தைராய்டு குறைவுதான்.

டெஸ்ட் கேக்க வேண்டிய வரிசை:

முதல்ல தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொல்லுங்க. வயசான நாய்க்கு டெமோடெக்ஸ் பூச்சி அரிப்பில்லாமலே முடியை எடுக்கும், அது இருந்தா உள்ளே வேற வியாதி ஒளிஞ்சிருக்கான்னும் தேடணும். அப்பவே பத்து முடியைப் பிடுங்கி வேரையும் பாக்கலாம். வளர்ற முடியோட வேர் குண்டா, கருப்பா, வளைஞ்சிருக்கும். ஓய்வு முடியோடது ஈட்டி முனை மாதிரி கூரா, வெளுத்து இருக்கும். பத்துக்குப் பத்தும் ஈட்டியா வந்தா வேர் தூங்குதுன்னு அர்த்தம்.

அப்புறம் ரத்தம்: ரத்த அணுக்களோட முழு எண்ணிக்கை, கொலஸ்ட்ரால், டோட்டல் டி4 (தைராய்டு ஹார்மோனோட மொத்த அளவு), கூடவே டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டற ஹார்மோன்). டி4 மட்டும் எடுத்துட்டு வராதீங்க. வேற நோய் இருந்தாலும் அது இறங்கலாம்.

இன்னொண்ணு வீட்டுலயே செய்யலாம். மூணு நாள் தண்ணியை அளந்து வையுங்க. ஒரு நாளைக்கு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல, அதாவது இவளுக்கு நாளைக்கு 3.4 லிட்டர் தாண்டினா, வயிறும் பானை மாதிரி தொங்கி மூச்சிரைப்பும் இருந்தா, குஷிங் வியாதிக்கும் (உடம்புல கார்டிசால் ஹார்மோன் கூடிப் போறது) பாக்கணும். அதுக்கு டெஸ்டே வேற.

பூர்ணிமா_குரூமிங்:

டெஸ்ட் பத்தி மேல சொல்லிட்டாங்க. குளியல், சாப்பாடு ரெண்டுலயும் திருத்த வேண்டியது இருக்கு.

வாரக் குளியல் இந்த வயசுக்கு அதிகம். எண்ணெய்ச் சுரப்பி ஏற்கனவே மந்தமாகியிருக்கும், இருக்கறதையும் கழுவிடறீங்க. 3, 4 வாரத்துக்கு ஒரு தடவை போதும். பேபி ஷாம்பு மனுஷத் தோலுக்குன்னு செஞ்சது, நாய்த் தோல் வேற. நாய்க்குன்னே வர்ற ஓட்ஸ் ஷாம்பு வாங்குங்க. அடிமுடி வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுட்டுப் போடுங்க, வழவழப்பு போகிற வரை அலசுங்க. அலசாம விட்ட நுரைதான் பாதிப் பொடுகுக்குக் காரணம்.

தேங்காய் எண்ணெயை நிறுத்துங்க. தூசி ஒட்டும், நக்கினா வயிறு இளகும், அக்குள்லயும் தொடை இடுக்கிலயும் ஈஸ்ட் வந்து புளிச்ச வாடை அடிக்கும். அதுக்குப் பதிலா ரப்பர் பிரஷ்ஷால தினம் 5 நிமிஷம், முடி போகிற திசையிலேயே. தோல் மெலிஞ்ச இடத்துல கம்பி பிரஷ் வேண்டாம், கீறல் விழும்.

முடி முழுக்கப் புரதம். எலும்போட கால் கிலோன்னா எலும்பு போக மிஞ்சற கறி கம்மி. எலும்பில்லாம 350 கிராம், வேகவெச்ச முட்டை ஒண்ணு, சாதத்தைப் பாதியாக்குங்க. முட்டை வெள்ளையைப் பச்சையா தினம் கொடுத்தா பயோட்டினைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால வேகவைக்கணும். கருப்பு நிறத்துக்கு டைரோசின் அமினோ அமிலம் நிறைய வேணும், கறி குறைஞ்சா கருப்பு முடி செம்பட்டையாகறதுக்கு அதுவும் ஒரு காரணம். வெந்த எலும்பு வேண்டாம், ஆனா எலும்பை எடுத்துட்டா சுண்ணாம்புச் சத்து எப்படின்னு டாக்டர்கிட்ட கேட்டு மினரல் பவுடர் சேருங்க.

மீன் எண்ணெய்: 1000 மி.கி. காப்ஸ்யூல்ல சாதாரணமா இபிஏ 180, டிஹெச்ஏ 120, மொத்தம் 300தான் ஒமேகா 3. இவளோட சரியான எடைக்கு 4 வரை போகலாம். ஒண்ணுல ஆரம்பிச்சு வாரம் ஒண்ணா ஏத்துங்க, பேதியானா ஒரு படி இறங்குங்க. காட் லிவர் ஆயில் வேற சரக்கு. அதுல வைட்டமின் ஏ, டி அதிகம், இந்த அளவுல கொடுக்கவே கூடாது.

மயிலை_ஸ்பிட்ஸ்:

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். இந்தியன் ஸ்பிட்ஸ், 6 வயசு. ஏப்ரல்ல வெயிலுக்காக ஒட்ட மழிச்சது, 7 மாசமாகியும் முதுகு திட்டுத் திட்டா இருக்கு. இதுவும் தைராய்டா?

பூர்ணிமா_குரூமிங்:

இருக்கலாம், ஆனா ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஹஸ்கி மாதிரி அடிமுடி அடர்ந்த நாய்களை ஒட்ட மழிச்சாலே இப்படி நின்னு போறது உண்டு. தானா வர ஒரு வருஷம், சிலதுக்கு ரெண்டு வருஷம் கூட ஆகும். மழிக்காத இடத்துலயும் கொட்டுதா பாருங்க. கொட்டினா டெஸ்ட் எடுங்க, இல்லேன்னா காத்திருங்க. அடுத்த வெயிலுக்கு மெஷினைத் தொடாதீங்க. அடிமுடியைச் சீவி எடுத்தாலே காத்து போகும், மேல்முடிதான் வெயிலை மறைக்குது.

வாசு_செங்கை:

12 நாள் கழிச்சு வர்றேன். தோல் சுரண்டல்ல பூச்சி இல்லை. கொலஸ்ட்ரால் கூடுதல். டோட்டல் டி4 0.6, லேப் ரிப்போர்ட்ல போட்ட சாதாரண அளவு 1.0லேர்ந்து 4.0. டிஎஸ்ஹெச் அந்த லேப்ல இல்லைன்னுட்டாங்க. ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. முதல்ல காட்டின இடத்துல முடிக்குன்னு பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாங்க. ரத்தம் எடுத்த அன்னிக்கு அது பத்தாவது நாள். இப்ப தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சிடலாமா?

நாலுகால்:

பொறுங்க. அந்த 0.6ஐ இப்ப நம்ப முடியாது. ஸ்டீராய்டு டி4 அளவைக் கீழே இழுக்கும், கொலஸ்ட்ராலையும் ஏத்தும். தாகத்தையும் கூட்டும், அதனால இந்த வாரம் தண்ணி அளந்தாலும் அது பொய் சொல்லும். அரிப்பே இல்லாத நாய்க்கு ஸ்டீராய்டு எதுக்குன்னு எனக்குப் புரியலை. ஆனா நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைச்சு நிறுத்துங்க.

முழுசா நிறுத்தி 6 வாரம் கழிச்சு மறுபடி எடுங்க. டி4, டிஎஸ்ஹெச் ரெண்டும் ஒரே நாள்ல, டிஎஸ்ஹெச் நாய்க்குரிய கிட்ல பாக்கற இடத்துல. வேப்பேரி, நாமக்கல் மாதிரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில விசாரிங்க. டி4 கம்மி, டிஎஸ்ஹெச் கூடுதல்னா முடிவு கிட்டத்தட்ட உறுதி. டிஎஸ்ஹெச் சாதாரணமா வந்தாலும் தைராய்டு இல்லைன்னு தள்ள முடியாது, கணிசமான நாய்களுக்கு அது ஏறாது. அப்ப ஃப்ரீ டி4 (புரதத்தோட ஒட்டாம ரத்தத்துல தனியா இருக்கற டி4) பாப்பாங்க.

உறுதியானா வர்ற அடுத்த சிக்கல் மருந்துக்கடையில. நாய்க்கு லெவோதைராக்சின், அதாவது தைராய்டு மாத்திரை, ஆரம்ப அளவு பொதுவா கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், 12 மணிக்கு ஒரு தடவை. சரியான எடை 29 கிலோன்னு கணக்கு வெச்சா வேளைக்கு 580, அதாவது கிட்டத்தட்ட 100 மைக்ரோகிராம் மாத்திரை ஆறு. மனுஷங்களுக்கு நாளைக்கே 100தான்னு கடைக்காரர் பதறுவார். மனுஷ உடம்புல அதோட பாதி கழிய ஒரு வாரமாகும், நாய் உடம்புல அரை நாள் போதும். அதான் வித்தியாசம். சீட்டுல "நாய்க்கு, 29 கிலோ"ன்னு டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்க. இதய நோய் இருந்தா அவர் குறைச்சு ஆரம்பிப்பார்.

மாத்திரையைத் தயிர் சாதத்துல மறைச்சுக் கொடுக்கறது நம்ம வீட்டு வழக்கம். இதுக்கு மட்டும் வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மருந்தை உடம்புல சேர விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, தினம் ஒரே நேரம். 6 வாரம் கழிச்சு ரத்தம் எடுக்கும்போது மாத்திரை கொடுத்து 4லேர்ந்து 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், நேரத்தைக் குறிச்சு லேப்ல கொடுங்க.

சுறுசுறுப்பு ரெண்டு வாரத்துல தெரியும். முடிக்கு 4 மாசம் கூட ஆகும். ஆரம்பிச்ச முதல் மாசம் முன்னைவிட அதிகமா, கொத்துக் கொத்தா கொட்டலாம். கீழே புது முடி தள்ளறதால அந்தச் செம்பட்டை முடி கழலுது. அதைப் பாத்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. அந்த நேரத்துல வயித்து மொட்டையைத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு கையில தட்டும்.