மறுமொழி: கன்டெய்னர் என்பது கொள்கலனா, கூடா?

வணக்கம். கணினியில் ஒரு மென்பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே ஓடவிடும் ஏற்பாடான கன்டெய்னருக்குக் கூடு என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த மூன்று மடல்களையும் இப்போதுதான் படித்தேன்.

> கொள்கலன் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே. துறைமுகச் சாலை லாரிக்காரருக்கும் தெரியும். புதிதாக எதற்கு?

லாரிக்காரர் கன்டெய்னர் என்றுதான் சொல்வார், அது இருக்கட்டும். சொல்லில் பழுதில்லை. ஆங்கிலத்திலும் இது கப்பலிலிருந்து இறங்கிய உவமைதான். 2013இல் வந்த டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளுக்குப் பெயரே துறைமுகத் தொழிலாளி. சின்னம் பெட்டி சுமக்கும் திமிங்கிலம். ஆனால் கொள்கலன் என்றதும் நம் மனம் "எதையாவது போட்டு வைக்கும் இடம்" என்று போய்விடுகிறது. எனக்கு இடிப்பது அங்கேதான்.

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் எஞ்சினெக்ஸ் என்ற, வலைப்பக்கங்களை வழங்கும் மென்பொருளைக் கன்டெய்னரில் ஏற்றிக் காட்டினேன். மடிக்கணினியின் 8080ஆம் போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) கன்டெய்னருக்குள் இருக்கும் 80ஆம் போர்ட்டோடு இணைத்தோம், உலாவியில் வரவேற்புப் பக்கம் வந்தது. ஒரு மாணவி உள்ளே நுழைந்து அந்தப் பக்கத்தில் தன் ஊர்ப் பெயரை எழுதினார். எல்லோரும் கைதட்டினோம். சாப்பாட்டுக்குப் பிறகு பழையதை அழித்துவிட்டு அதே இமேஜிலிருந்து (கன்டெய்னரை உருவாக்கும் மூல வார்ப்பிலிருந்து) புதிதாக ஒன்றை எழுப்பினால், ஊரைக் காணோம். "கொள்கலன்லதானே சார் வச்சேன்?" என்றார். நிலைக்க வேண்டிய கோப்புகளை வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்து உள்ளே பொருத்த வேண்டும் என்று முன்பே சொல்லாதது என் தப்பு. சொல்லும் கொஞ்சம் காலை வாரிவிட்டது.

யோசித்தால், அங்கே பெட்டியே கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை, அதாவது ஒரு செயல்முறையைச் சுற்றி வேலி போடுகிறது, அவ்வளவுதான். பக்கத்துச் செயல்முறைகள் அதன் கண்ணில் படாது. நெட்வொர்க்கும் கோப்புகளும் அதற்கென்று தனி. நினைவகமும் வேண்டுமானால் அளந்துதான் கிடைக்கும். ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியாக ஓடும் மெய்நிகர் கணினிபோலத் தனிக் கெர்னல் எதுவும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர்கள் 2000இல் இதே போன்ற ஏற்பாட்டுக்கு ஜெயில் என்றே பெயர் வைத்தார்கள். வெளிப்படையான மனிதர்கள்.

அதனால்தான் கூடு என்றேன். எஞ்சினெக்ஸ் தொடங்கியதும் பின்னணிக்குப் போய்விடும் பழக்கமுள்ளது. கன்டெய்னருக்குள் அப்படிப் போனால் முதல் செயல்முறை முடிந்துவிட்டது என்று பொருள். அடுத்த நொடி கன்டெய்னரும் நின்றுவிடும். 'டீமன் ஆஃப்' (பின்னணிக்குப் போகாதே) என்று சேர்த்து அதை முன்னணியிலேயே ஓடவிடுவது இதற்காகத்தான். உயிர் போனால் கூடு விழும் என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கூட்டைக் கட்டலாம், கலைக்கலாம். வேறு கணினிக்கு மாற்றினால் கூடு விட்டுக் கூடு பாய்ச்சல்.

> கூடு + ஐ = கூட்டை. பூசணிக்காய்க் கூட்டும் அதே கூட்டைத்தான். "கூட்டை நிறுத்து" என்று கட்டளை எழுதுவீர்களா?

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தேடுபொறியில் போட்டால் சமையல் குறிப்புகள்தான் வரும். மென்பொருளை ஒட்டி மென்கூடு என்றால்? "மென்கூட்டை நிறுத்து" என்பதில் குழப்பம் இல்லை. இலங்கை நண்பர்கள் சிரிக்கலாம். அங்கே உயிரியல் பாடத்தில் வன்கூடு என்றால் எலும்புக்கூடு. சிரித்தால் சிரிக்கட்டும், நினைவில் நிற்கும்.

இமேஜைப் படிமம் என்று எழுதினால் புகைப்படம் என்றுதான் படிக்கிறார்கள். அச்சு என்கிறேன். ஒரே அச்சில் எத்தனை கொழுக்கட்டையும் பிடிக்கலாம். ஒன்றைத் தின்றால் அச்சு தேயாது. சர்வர் வழங்கியா சேவையகமா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து இந்த இழையில் தொடங்காதீர்கள்.

கன்டெய்னருக்கு வெளியே கோப்புகளைச் சேமிக்கும் வால்யூமுக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. கொள்ளளவு என்று ஒரு கையேட்டில் பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். பரண் எப்படி? கூடு கலைந்தாலும் பரணில் ஏற்றியது அங்கேயே இருக்கும். மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று நம் கையேட்டின் கன்டெய்னர் அத்தியாயத்தைத் திருத்த உட்காருகிறேன்.